கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டவர்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் புகழைப் பேசுவோர் கோட்டையைப் பேசுவர். கோணேசர் மலையைப் பேசுவர். 1782ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கடலிற் பொருதமையைப் பேசுவர். 1942 ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமையைப் பேசுவர். துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவை நினைப்போர் சிலரே. ஆயினும், இலங்கைத் தீவின் பெயரை ஐரோப்பிய மக்கள் வீடுதோறும் அறியச் செய்த ஒரு வரலாறு அக்குடாவின் கரையிலேதான் தொடங்கிற்று.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் திருக்கோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சிற் கடல் கடந்தே போவோம். அங்கே ஒரு புளிய மரத்தைப் பற்றிப் பெரியோர் கூறுவர். வெள்ளைக்காரன் மரம் என்று அதற்குப் பெயர். றொபேட் நொக்ஸ் என்னும் கப்பற் தலைவர் அங்குச் சிறைபிடிக்கப்பட்டார் என்று கூறும் கல் ஒன்றும் அவ்விடத்தில் நாட்டப்பட்டது. இதனைப் படிப்போர் பலர், இலங்கையைப் பற்றி நூல் எழுதிய நொக்ஸே அம்மரத்தடியில் அகப்பட்டவர் என்று எண்ணிவிடுவர். அது பிழை. அப்பெயர் கொண்டோர் இருவர். ஒருவர் தந்தை, மற்றவர் மைந்தர். மரத்தடியில் அகப்பட்டவர் தந்தை. நூல் எழுதியவர் மைந்தர்.

இவ்வரலாற்றை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கின்றேன். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, நொக்ஸுடன் இருந்த வேலைக்காரச் சிறுவனின் பெயர் என்ன என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்குச் சென்று நூலைப் புரட்டினேன். அன்றுமுதல் நொக்ஸின் வாழ்க்கையை நான் நோக்கும் முறையே வேறாயிற்று. அவ்வாறு நோக்கியதையே இங்கு எழுதத் துணிந்தேன்.

இளைய நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பனியின் வாணிகத்தில் ஈடுபட்ட மாலுமி. மைந்தரும் பதினான்கு வயதளவிலேயே தந்தையாருடன் கடலேறிச் சென்னைக் கோட்டை வரை வந்து மீண்டார். 1658ஆம் ஆண்டு இருவரும் ஆன் என்னும் கப்பலில் இரண்டாம் முறை கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். 1659 நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினத் துறையிற் கப்பல் நங்கூரமிட்டிருக்கையிற் பெரும்புயல் வீசிற்று. கப்பலைக் காப்பதற்காக நடுப் பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ள நேர்ந்தது. பாய்மரம் இழந்த கப்பல் தாய்நாட்டுக்கு மீள்வது எவ்வாறு? புதுமரம் நாட்டுவதற்கு அமைதியான துறை வேண்டும். அதற்கிடையிற் சிறிது வாணிகமும் செய்யலாம். ஆகவே துணிப் பொதிகளையும் அவற்றுக்குரிய பறங்கிப்பேட்டை வணிகரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கொட்டியாரக் குடாவை அடைந்தது. பறங்கிப்பேட்டையிலிருந்து வேறொருவனும் வந்திருந்தான். கப்பற் தலைவர் தமக்குப் பணிசெய்வதற்கென அங்கிருந்து கொண்டுவந்த சிறுவன் அவன். வாசகர்கள் அவனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

அந்நாளைய அரசியல் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டு கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. பறங்கியரை ஓட்ட அழைத்த துணைவரே நாட்டைக் கவர்ந்துகொண்டமை கண்டு அரசன் மனங்கொதித்திருந்தான். கீழ்க்கரையில் அவன் ஆணை செல்லும் துறைகளுட் கொட்டியாரமும் ஒன்று. அத்துறையில் வெள்ளையர் கப்பல் ஒன்று வந்து நாட்கணக்கில் நின்றால் ஐயம் தோன்றாதிருக்குமா? மேலும், அரசனுக்குத் திருமுகமோ காணிக்கையோ அனுப்பும் முறைமையை அக்கப்பலார் செய்யத் தவறிவிட்டனர்.

கரையிலிருந்த மக்கள் கப்பலாரிடம் அன்பாகவே பழகினர். ஆகவே வந்தோர் அச்சம் நீங்கியிருந்தனர். அப்பொழுது அரசனுடைய திசாவை படையுடன் கொட்டியாரத்துக்கு வந்து, கப்பற் தலைவரைக் காண விரும்புவதாகச் செய்தி விடுத்தான். தலைவர் தம் மைந்தரையும் லவ்லண்ட் என்னும் வணிகரையும் அனுப்பினார். அவர்கள் போனபின் அவரும் கரைக்கு வந்து, ஆட்கள் சிலருடன் புளிய மரத்தடியில் அமர்ந்து இளைப்பாறினார். அங்கே படைவீரர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மைந்தரும் அகப்பட்டார். கரைக்கு வந்த பெரிய படகின் ஆட்களும் நடந்ததை அறியாமலே அகப்பட்டனர். இவ்வாறு 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்திற் சிறைப்பட்டோர் மொத்தம் 16 பேர்.

இதன்பின் நிகழ்ந்ததே நொக்ஸின் இளமையில் மிக உயர்ந்த செயல். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரக் கட்டளையிடுமாறு திசாவை தலைவரை வற்புறுத்தினான். தலைவர் அதற்கு இசைவார்போற் காட்டி மைந்தரைக் கப்பலுக்கு அனுப்பினார். ஆனால், இரகசியமாக அவர் இட்ட கட்டளை வேறு: கப்பலை எச்சரிக்கையுடன் காக்கவேண்டும், எவர் வந்தாலும் நெருங்கவிடலாகாது. மைந்தர் தம்மைத் தனியே விட்டுவிடாது மீளவேண்டும் என்றும் சொல்லி ஆணை பெற்றுக்கொண்டார். இளைஞருக்கு வயது பத்தொன்பது. கப்பலில் ஏறினார், தோழர்கள் சூழ்ந்தனர், பீரங்கிகள் காவலாக நின்றன. அவர் அங்கேயே தங்கியிருந்தால் அவரைப் பிடிக்க வல்லார் எவருமில்லை. ஆயினும் கொடுத்த வாக்கின்படி படகிலேறிச் சிறைக்குத் திரும்பினார். கப்பல் சிலநாட் காத்திருந்து, தன் தலைவரை விட்டுப் புறப்பட்டுப் போயிற்று. தந்தை சொற் காத்துக் கானகம் புகுந்த இராமகாதையைப் படித்து வளர்ந்த நமக்கு, இச்செயலின் அருமையை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சிறைப்பட்டோரை அரசன் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை, விலங்கிடவுமில்லை. மலைநாட்டு ஊர்களிற் பிரித்து வைத்து, ஊரவரே முறைவைத்து உணவளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டான். நாட்டை விட்டுப் போக மட்டும் இயலாது. நொக்ஸ் தந்தையும் மைந்தரும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். அவ்விடத்திற் குளிர்காய்ச்சல் இருவரையும் பற்றியது. நோயினும் தந்தையாரை வாட்டியது மனத்துயரம். தம் அறியாமையால் மைந்தனையும் சிறையில் தள்ளினோமே என்று நைந்தார். 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

மைந்தரோ காய்ச்சலால் எழுந்து நிற்கவும் வலியற்றவர். அடக்கம் செய்ய உதவுமாறு ஊராரை வேண்டினார். அயலவர் பிணத்தைத் தீண்ட அவர்கள் ஒருப்படவில்லை. மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லுமாறு கூறிவிட்டனர். அச்சொல் அவருடைய நெஞ்சை அறுத்தது. தம்மிடம் எஞ்சியிருந்த சிறு பொருளைக் கொண்டு ஆள் அமர்த்தித் தந்தையாரைக் குழியில் இட்டு மூடினார். அந்த நாளிலே அவருக்கு உறவென்றும் துணையென்றும் சொல்ல அருகிருந்தவன் பறங்கிப்பேட்டைச் சிறுவன் ஒருவனே.

அதன்பின் நொக்ஸ் தனிமையில் வாடினார். அவர் கையில் இரண்டு சமய நூல்கள் இருந்தன. அவற்றை மீண்டும் மீண்டும் படித்து, ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டார். விவிலியம் ஒன்று கிடைக்குமா என்பது அவருடைய தீராத ஏக்கம். நடுமலைநாட்டில், அதுவும் ஆங்கில மொழியில், அஃது எங்ஙனம் கிடைக்கும்? ஒருநாள் ஓடைக்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். அவர் நொக்ஸிடம் பேசவில்லை, சிறுவனிடமே பேசினார். உன் தலைவர் புத்தகம் படிக்க வல்லவரா என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தமக்கு ஒரு புத்தகம் அகப்பட்டது என்றும், வேண்டுமாயின் விலைக்குத் தரலாம் என்றும் கூறினார். சிறுவன் உடன்சென்று அதனை வாங்கிவந்து காட்டினான். பிரித்துப் பார்த்த நொக்ஸின் கைகள் நடுங்கின. அஃது ஆங்கில விவிலியமே.

அப்பொழுது நொக்ஸிடம் இருந்த பணம் ஒரேயொரு வராகன். அதனை அப்படியே கொடுத்துவிட அவர் துணிந்தார். சிறுவன் தடுத்தான். உள்ள பணம் முழுவதையும் கொடுத்துவிட்டால் பின்பு என் செய்வது? வேறு வழியாற் பேசி முடிப்பது தன் பொறுப்பு என்றான். புத்தகத்தின்மேல் ஆசை மிகுந்திருப்பதை விற்பவர் அறிந்தால் விலை ஏறும் என்பதையும் அச்சிறுவன் அறிந்திருந்தான் போலும். புத்தகம் உரியவரிடமே திரும்பிச் சென்றது, பேச்சு நடந்தது, ஈற்றிற் பின்னல் தொப்பி ஒன்று விலையாயிற்று. வராகனும் எஞ்சிற்று, புத்தகமும் கிட்டிற்று. நொக்ஸ் அதனை இறைவனின் அருட்செயலாகவே கருதி நூலில் எழுதியுள்ளார். நானும் மறுக்கவில்லை. அருள் வந்த வழி அந்தச் சிறுவனின் நாவும் அறிவுமல்லவா? ஆனால், என் மாணவன் கேட்ட பெயரை அந்நூலில் நான் காணவில்லை. கறுப்புச் சிறுவன் என்பதே அங்கு அவனுக்குள்ள பெயர்.

ஆண்டுகள் கழிந்தன. நொக்ஸ் தம் முயற்சியாற் பிழைக்கக் கற்றார். ஊரார் சமைத்த சோறு கொண்டுவருவதற்குப் பதிலாக அரிசியாகவே தரவேண்டும் என்று கேட்டு வாங்கி, உண்டது போக மிஞ்சியதைப் பண்டமாற்றுச் செய்தார். பருத்தி நூலாற் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து, நாட்டு வழக்கப்படி அறுவடையில் ஒன்றரை மடங்காக மீளப் பெற்றார். கண்டிக்கு அருகே எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். சிங்கள மொழியைத் தம் மொழிபோற் பேசினார். தோழர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து நிலைத்தனர். அவரோ விடுதலை ஒன்றையே எண்ணி மணம் செய்யாதிருந்தார். தோழர் ஒருவருடைய மகளான லூசியா என்னும் சிறுமியை அவர் அன்போடு வளர்த்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவள் பெயரை அவர் மறக்கவில்லை.

இதற்கிடையில் நமது துறைமுகம் மற்றொரு கூட்டத்தையும் அரசனுடைய கைதிகளாக்கியது. 1672ஆம் ஆண்டு தெ லா ஹே என்பவர் தலைமையிற் பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. ஒல்லாந்தருக்கு எதிராகத் துணை கிடைத்ததென்று அரசன் மகிழ்ந்தான். ஆனால் ஒல்லாந்தர் விரைந்து வந்து பிரெஞ்சுக்காரரை அகற்றினர். கண்டிக்குத் தூது சென்ற லனரோல் என்பவர் அரசவையின் முறைமைகளை மதியாது நடந்து, சிறைப்பட்டு, அந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. துறை அழகியது, ஆழமுடையது, அதனை விரும்பி வந்தோர் பலர். விரும்பியவாறு மீண்டோர் சிலர்.

நொக்ஸ் மீளும் வழியைப் பொறுமையோடு தேடினார். ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் சிறு வணிகர் கோலத்தில், பொதி சுமந்து வடக்கே தாழ்நிலங்களுக்கு அடிக்கடி போய்வந்தார். விற்பது பொருள், அறிவது வழி. மக்கள் அவர்களைப் பழகிய வணிகராகவே கருதினர். பல ஆண்டு முயன்றபின், 1679 செப்டெம்பர் 22ஆம் நாள் இருவரும் எலதெத்தையை விட்டு இறுதியாகப் புறப்பட்டனர். அனுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே ஆற்றின் கரையைப் பின்பற்றினர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவி ஆறு என்றும் வழங்கும் அவ்வாறு மன்னார்க் கடலை நோக்கி ஓடுவது. யானைக்கும் முதலைக்கும் அஞ்சி, அவற்றினும் மனிதரின் கண்ணுக்கு அஞ்சி நடந்தனர். ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். கொட்டியாரத்திற் புகுந்த வாழ்வு அரிப்பில் வெளிவந்தது. இடையிற் கழிந்தவை பத்தொன்பதரை ஆண்டுகள். பத்தொன்பது வயதிற் சிறைப்பட்டவர் முப்பத்தெட்டு வயதில் விடுதலை பெற்றார்.

மன்னார், கொழும்பு, பத்தாவியா, பண்டம் ஆகிய துறைகளைக் கடந்து 1680 செப்டெம்பரில் அவர் இங்கிலாந்தை அடைந்தார். கடற்பயணத்திலேயே தம் நினைவுகளை எழுதத் தொடங்கியிருந்தார். அறிவியலறிஞர் றொபேட் ஹூக் ஊக்கமளித்து முன்னுரையும் எழுத, 1681ஆம் ஆண்டு அவருடைய இலங்கை வரலாற்று நூல் இலண்டனில் வெளிவந்தது. சிறிது காலத்துக்குள் செருமன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. பயிர்செய் முறையும் உணவும் மணவினையும் அரசனின் ஆட்சியும் அந்நூலில் உள்ளமைபோல் வேறு எந்த ஐரோப்பியர் நூலிலும் அதற்குமுன் அமைந்ததில்லை. தம்மைச் சிறைவைத்த நாட்டு மக்களைப் பெரும்பாலும் பகையின்றியே அவர் எழுதினார். டானியல் டீபோ 1719இல் வெளியிட்ட றொபின்சன் குரூசோ கதைக்கு இந்நூலும் தூண்டுதலாயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். 1720இல் வெளிவந்த கப்டன் சிங்கிள்டன் கதையிலோ நொக்ஸின் வரலாற்றையே டீபோ சுருக்கித் தந்துள்ளார்.

பாடநூல்களும் மேடைப்பேச்சுகளும் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். வாழ்க்கை முடியவில்லை. கும்பனி அவருக்கு ரொங்கின் மேர்ச்சன்ற் என்னும் கப்பலின் தலைமையை அளித்தது. 1684ஆம் ஆண்டு தொடங்கிய பயணத்தில் அவருக்கு இடப்பட்ட பணி யாது? மடகாசுகருக்குச் சென்று அங்கு அடிமைகளை விலைக்கு வாங்கி, செயின்ற் எலேனாத் தீவிற் கொண்டுசேர்ப்பது. அதனை அவர் செய்தார். பத்தொன்பதரை ஆண்டு தாய்நாட்டை நினைந்து கண்ணீர் விட்ட மனிதர், மற்றொரு நாட்டு மக்களை அவர்தம் தாய்நாட்டினின்றும் பிரித்துக் கப்பலில் ஏற்றினார். தம்மைச் சிறைவைத்த அரசனாவது விலங்கிடாது ஊரிற் சோறிட்டு வைத்தான். இவர் ஏற்றிச் சென்றோருக்கு அதுவும் வாய்த்ததில்லை.

செயின்ற் எலேனாவில் விதி விந்தையான ஒரு விளையாட்டைக் காட்டிற்று. நொக்ஸ் கரையில் இருந்த வேளையில் அவருடைய மாலுமிகளே கப்பலைச் செலுத்திக்கொண்டு போய்விட்டனர். கொட்டியாரத்திலே தந்தை கரையில் நின்று கப்பலை இழந்தார். அத்தீவிலே மைந்தர் கரையில் நின்று கப்பலை இழந்தார். பின்னரும் அவர் பல கடற்பயணங்களை மேற்கொண்டார்; 1694இற் கும்பனியோடு பிணங்கிப் பிரிந்தார். 1720ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், மணமாகாதவராகவே மறைந்தார். முதுமையில் அவர் தம் நூற்படியோடு சேர்த்து எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகள் இருநூறு ஆண்டு உறங்கி, 1911ஆம் ஆண்டே அச்சேறின.

நொக்ஸை இழித்துரைப்பது என் கருத்தன்று. அக்காலத்து வணிகர் பலரும் அடிமை வாணிகத்தைப் பிழையென்று எண்ணியதில்லை. அவரும் காலத்தின் மகன். ஆனால் ஏனையோருக்கு இல்லாத ஒரு கல்வி அவருக்கு வாய்த்திருந்தது. விடுதலையின் விலையை அவர் நூலிற் படித்து அறிந்தவரல்லர். தம் உடலாலும் தந்தையின் சாவாலும் அறிந்தவர். பிறவுயிரின் வருத்தம் தன் நெஞ்சிற் படாதவனுக்கு அறிவு இருந்தும் பயனில்லை என்பது வள்ளுவர் துணிவு. தான் பட்ட துன்பம் ஒருவனைத் தானாகவே அருளுடையவன் ஆக்கிவிடும் என்று நாம் எளிதில் நம்புகின்றோம். நொக்ஸின் வாழ்க்கை அந்நம்பிக்கையை மறுக்கின்றது. துன்பம் கண்ணைக் கழுவும். கண்ணைத் திறப்பது மனிதனின் கடன். அவர் பக்கத்திலேயே ஒரு சிறுவன் இருந்தான். இவரைப்போலவே அவனும் தாய்நிலத்தை விட்டுக் கடல் கடந்து வந்தவன். இவரைப்போலவே மீளும் வழியற்று மலைநாட்டில் நின்றவன். தம் துயரை ஒரு நூலாக எழுத வல்லவர், அவன் துயருக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. அவனை அன்று கண்டிருந்தால், மடகாசுகர்க் கரையில் நின்றோரையும் பின்னாளிற் கண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, அச்சிறுவனின் பெயரை நூலாசிரியர் எழுதவில்லை என்று கூறினேன். அம்மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, பெயர் இல்லாவிட்டாலும் பறங்கிப்பேட்டை என்ற ஊர்ப்பெயராவது இருக்கிறதே என்றான். அதன்பின் இப்பாடத்தை நான் தொடங்கும் முறை மாறிவிட்டது. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையில் இறங்கியோரை எண்ணும்போது, புளிய மரத்தடிக் கப்பற் தலைவரையும் வாக்குத் தவறாத மைந்தரையும் அடுத்து, பறங்கிப்பேட்டைச் சிறுவனையும் சேர்த்தே எண்ணுகின்றேன்.